மழையை வேலையிலிருந்து நிறுத்தியவள்

என் தங்கை வெண்ணிலா எதையெல்லாம் ஜெயித்தாள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மலைப்பாதை பஸ்ஸை ஜெயித்தாள். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே குடலைப் புரட்டும் உடம்பு அவளுக்கு. அந்த உடம்போடு மூன்று வருஷம் தினமும் சேலத்துக்கு இறங்கிப் படித்துவிட்டு ஏறினாள். எங்கள் எஸ்டேட் தொழிலாளர் லயன் வீடுகளில் பட்டம் வாங்கிய முதல் பெண் என்று பெயரெடுத்தாள். இங்கிலீஷ் பேச வரவில்லை என்று இரண்டு கம்பெனிகள் திருப்பி அனுப்பிய பிறகு, மூன்றாவது இடத்தில் தமிழிலேயே பதில் சொல்லி வேலை வாங்கினாள். வேலையை விடச் சொன்ன மாப்பிள்ளை வீட்டாரிடம், அம்மாவின் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைத்தாள். கடைசியாக, எங்கள் எஸ்டேட்டின் ஆள் பட்டியலில் எட்டு வருஷம் இருந்த, ஆளே இல்லாத ஓர் ஆளை வேலையிலிருந்து நிறுத்தினாள். அந்த ஆளின் பெயர் மழை.

கடைசியில் சொன்னதுதான் இருப்பதிலேயே பெரியது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் வேலை பற்றிய இடங்களை வெண்ணிலாவிடம் படித்துக் காட்டி, அவள் தப்பு என்று சொன்னதை அடித்துவிட்டு எழுதியிருக்கிறேன்.

நாங்கள் கொட்டச்சேடு பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் பிறந்தவர்கள். அப்பா காளியப்பன், காபிச் செடிக்கு நிழல் தரும் மரங்களில் ஏறிக் கிளை கழிப்பவர். அம்மா ராசம்மாளும் நானும் பழம் பறிக்கிறோம். நான் எட்டாவதோடு நின்றேன். வெண்ணிலா என்னைவிட எட்டு வயது இளையவள்.

பஸ்ஸை அவள் ஜெயித்த விதம் இதுதான். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார வேண்டும். ஜன்னல் பக்கம் பார்க்கக் கூடாது, டிரைவரின் கையை மட்டும் பார்க்க வேண்டும். கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து நகத்தால் கீறி முகர்ந்துகொண்டே போக வேண்டும். முதல் மாதம் அப்படியும் வாந்திதான். இரண்டாம் மாதம் குறைந்தது. மூன்றாம் மாதத்தில் கண்டக்டர், "வெண்ணிலா, இன்னிக்கும் ஒண்ணும் இல்லியா? நம்ம பஸ்ஸுக்கு நல்ல காலந்தான்" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். இன்றைக்கும் அவள் பையில் எலுமிச்சம்பழம் இருக்கும். பின்னால் அந்தப் பழத்துக்கு ஒரு வேலை வருகிறது.

அவளுக்கு வேலை கிடைத்தது சேலம் அஞ்சு ரோட்டில், ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் இருக்கும் சின்ன சாப்ட்வேர் கம்பெனியில். முதலாளி சக்திவேல் என்பவர். சேர்ந்த வருஷம் 2019. எங்கள் எஸ்டேட்டில் பழம் எடை போடும் கம்ப்யூட்டரில் ஓடுவதும் அவர்கள் செய்து கொடுத்ததுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அதைப் படித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"அக்கா, உங்க எஸ்டேட்டுல மழைன்னு ஒருத்தங்க வேலை செய்யறாங்களா?"

"அது ஆளு இல்ல கண்ணு. நனைஞ்ச பழத்துக்கு ரைட்டரு வெச்சிருக்கற ஏற்பாடு."

"அப்பா பேரு வானம்னு போட்டிருக்கு. பொறந்த வருஷம்கூட இருக்கு."

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, "பரவால்லியே, நல்ல குடும்பந்தான்" என்றார்.

அந்த ஏற்பாட்டை இங்கே விளக்க வேண்டும். எங்கள் மலையில் பழம் சிவந்து வரும் நேரமும் ஐப்பசி, கார்த்திகை மழையும் ஒன்றாக வரும். மழையில் பறித்த பழம் தண்ணீரோடு சேர்ந்து கனக்கும். பறித்தவர்களுக்கு எடை போட்டபடியே கூலி. ஆனால் எஸ்டேட் கணக்கில், அன்றைய மொத்தத்திலிருந்து தண்ணீருக்கென்று கொஞ்சம் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால், தோல் உரிக்கும் பல்பர் மெஷினுக்குப் போகிற எடையோடு ஒத்துப்போகாது. இது எல்லா எஸ்டேட்டிலும் உள்ள பழக்கம். எடைக் கணக்கு எழுதும் ரைட்டர் ஐயாக்கண்ணு பேப்பரில் எழுதிய காலத்தில் கடைசி வரியில் 'ஈரம் கழிவு' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

கம்ப்யூட்டரில் அதற்கு இடமே வைக்கவில்லை. கேட்டவர்களும் சொல்லவில்லை, செய்தவர்களும் கேட்கவில்லை. 2015 நவம்பரில் அதைக் கொண்டுவந்து வைத்த அன்று நல்ல மழை. பொன்னுவேல் என்ற பையன்தான் செய்து கொண்டுவந்தான். பக்கத்தில் எஸ்டேட் மேனேஜர், வெளியே மூட்டையோடு நாங்கள். "ஏனுங்க தம்பி, ஈரத்துக்கு எங்கீங்க கழிக்கறது?" என்று ஐயாக்கண்ணு கேட்டாராம். பையனுக்கு வேர்த்துவிட்டது.

அந்தப் பொன்னுவேல் இப்போது பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறான். வெண்ணிலா ஒருமுறை அவனுக்குப் போன் போட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஐயோ, அந்த மழை இன்னும் இருக்குதுங்களா?" என்று அவன் போட்ட சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. "ஒரு வாரத்துக்குன்னு போட்டதுங்க! அன்னிக்கு வேற வழியில்ல. ஆளுங்க பேரு சேர்க்கற எடம் ஒண்ணுதான் தயாரா இருந்துச்சு. மழைன்னு ஒரு ஆளைச் சேர்த்து, அவ எடையை மைனஸ்ல போட்டேன். மொத்தம் சரியா வந்துருச்சு. மேனேஜரு கை குடுத்தாரு. சக்திவேல் சார் பிரியாணி வாங்கிக் குடுத்தாரு."

"அடுத்த வாரம் ஏன் சரி பண்ணலைங்க?"

"அடுத்த வாரம் கிளியூர் எஸ்டேட்டு வந்துருச்சுங்க. அவங்களுக்கும் அதையே குடுத்தோம். அப்புறம் ஒரு ரைஸ் மில்லு. அப்புறம் நான் இங்க வந்துட்டேன்." பிறகு, "ஏனுங்க, அதுக்காக என்னைத் திட்டறதுக்குக் கூப்பிட்டீங்களா?" என்றான்.

"திட்டலைங்க. பொறந்த வருஷம் எப்படிப் போட்டீங்கன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"அதுவா. பொறந்த வருஷம் இல்லாம ஆள் சேராது. அவசரத்துல எங்கம்மா பொறந்த வருஷந்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. அறுபத்தஞ்சு."

ஆள் பட்டியலில் ஏறிவிட்ட மழை அதன்பின் ஆளாகவே வளர்ந்தாள். வேலைக்கு வராத ஆளுக்கு எடை ஏறாது என்று ஒரு கட்டுப்பாடு போட்டார்கள். ஆகவே மழைக்கும் வருகை போட வேண்டி வந்தது. ஐயாக்கண்ணு அதை மறந்துவிட்டு இரண்டு முறை மொத்தத்தைக் குழப்பிக்கொண்டதால், ஈரநாள் என்றால் முதலில் மழைக்கு வருகை போட்டால்தான் கம்ப்யூட்டர் மற்றவர் எடையையே வாங்கும் என்று கம்பெனியில் இன்னொருவர் மாற்றினார். வருகை இருப்பதால் ஆயுத பூஜைக்குப் பொரிப் பொட்டலம் எண்ணும்போது ஒன்று கூடிற்று. அந்தப் பொட்டலத்தை எடை போடும் கொட்டகை ஜன்னலில் வைப்போம், குரங்கு கொண்டுபோய்விடும். வருஷக் கம்பளியும் ஒன்று கூடுதலாக வந்தது. ஐயாக்கண்ணு அதைக் கம்ப்யூட்டருக்குப் போர்த்திவைத்தார். பிறகு மேனேஜர் கேட்டதால், 'பெயர் மழை என்றால் கம்பளி வேண்டாம்' என்று கம்ப்யூட்டருக்குள் ஒரு வரி எழுதினார்கள். கிளியூர் ரைட்டர் மரியாதையாக மழையம்மாள் என்று பெயர் வைத்திருந்ததால் அங்கே மட்டும் கம்பளி தொடர்ந்து வந்தது. அதற்காக இன்னொரு வரி.

இதில் கெட்டவர்கள் யாரும் இல்லை என்று வெண்ணிலா சொல்வாள். "ஒவ்வொருத்தரும் அன்னிக்கு வெளிய நின்ன மூட்டையைத்தாங்க்கா பாத்தாங்க. அன்னிக்கு அதுதான் சரி. ஆனா உள்ள ஒரு ஒட்டுப் போட்டா, அடுத்து வர்றவன் அந்த ஒட்டையும் சேர்த்துத்தான் தாங்கணும். அவன் இன்னொரு ஒட்டுப் போட்டுட்டுப் போறான். எல்லாத்துக்கும் மேல 'தற்காலிகம், பிறகு மாற்றவும்'னு எழுதியிருக்கு. யாரு எழுதினாங்கன்னு பேரு இல்ல."

"அப்ப நீ மாத்து."

"கேட்டேன். சக்திவேல் சார் சீசன் முடியட்டும்னாரு."

சீசன் முடிந்தது. கம்பெனிக்குக் கல்யாண மண்டப வேலை ஒன்று வந்தது. அடுத்த சீசன் வந்தது, போயிற்று. அவள் மறுபடி கேட்டாள். எஸ்டேட்டுக்காரர்கள் புதிதாக ஒன்று செய்து கொடு என்றுதான் கேட்பார்களே தவிர, உள்ளே இருப்பதைச் சரி செய்து கொடு என்று கேட்க மாட்டார்கள்; அவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஐயாக்கண்ணுவோ மழைக்கு வருகை போடுவது தன் வேலையில் ஒன்று என்றே நினைத்துவிட்டார். புதிதாக வந்த உதவி ரைட்டருக்கு, "மொதல்ல மழையம்மாவைக் கும்புட்டுட்டு அப்பறம் எடை போடோணும்" என்று சொல்லிக் கொடுத்தவர் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை.

2023 நவம்பரில் ஒரு நாள். காலையில் பனிமூட்டம், மத்தியானத்துக்கு மேல் மழை. அந்த சீசனின் முதல் ஈரநாள். பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு பறித்த பழத்தோடு கொட்டகை வாசலில் வரிசையாக நின்றோம். எனக்கு முன்னால் பழனியம்மாள். அவள் வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்க ரைட்டரே, படம் பாக்கறீங்களா உள்ள? நாங்க இங்க ஊறிட்டு நிக்கறோம்."

ஐயாக்கண்ணு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "மழையைக் காணோம்" என்றார்.

"காணோமா? வெளிய வந்து பாருங்க, நல்லாத் தெரியுது!"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் வரிசை நகரவில்லை. தராசில் எண் காட்டும் சின்னப் பெட்டி கெட்டுப்போய் வருஷக்கணக்காகிறது; கம்ப்யூட்டரில்தான் எடை தெரிகிறதே என்று அதை யாரும் சரி செய்யவில்லை. இப்போது கம்ப்யூட்டரும் எடையைக் காட்ட மறுத்தது. பேப்பரில் எழுதலாம் என்றால் எழுதுவதற்கு எடையே தெரியாது. மழை வலுத்தது. பல்பர் கொட்டகையிலிருந்து, பழம் எங்கே என்று ஆள் வந்துவிட்டது. பறித்த பழத்தை அன்றைக்கே போட்டாக வேண்டும். சாக்கிலேயே கிடந்தால் புளித்துவிடும்.

ஐயாக்கண்ணு வெண்ணிலாவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"கண்ணு, மழை பேரு பட்டியல்லயே இல்ல சாமி. போன சீசன்ல இருந்துச்சு."

அந்தப் பக்கம் தட்டும் சத்தம் கேட்டது.  அப்புறம் அவள் மெதுவாக, "மழைக்கு அம்பத்தெட்டு வயசு முடிஞ்சுருச்சுங்க" என்றாள்.

"அதுக்கு?"

"ரிட்டயர் ஆயிட்டாங்க."

பழனியம்மாள் கையைத் தட்டினாள். "அவளுக்காச்சும் ஓய்வு கெடச்சுதே! எனக்கு எப்பன்னு கேளுங்க."

ஐம்பத்தெட்டு முடிந்தவர்களைப் பட்டியலிலிருந்து தானாகவே எடுத்துவிடும் பகுதியை அதற்கு முந்தின வருஷம் செய்தது வெண்ணிலாதான். மேனேஜர் கேட்டார், ஒழுங்காகச் செய்து கொடுத்தாள். அதில் தப்பே இல்லை. ஆனால் ஆட்களுக்கென்று அவள் எழுதியபோது, ஆட்களுக்கு நடுவில் மழையும் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தோன்றவில்லை. கீழே சேலத்தில் சக்திவேல் அவள் பின்னால் வந்து நின்று, "பொறந்த வருஷத்தை மாத்தி உட்டுரும்மா, அஞ்சு நிமிஷ வேலை" என்று சொன்னது போனில் எங்களுக்கே கேட்டது. மாற்றினாள். மழைக்கு வயது இருபது ஆயிற்று. வரிசை நகர்ந்தது. நான் எடை போட்டு முடித்தபோது இருட்டிவிட்டது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அவள் சொன்னது ஒன்றுதான். "அஞ்சு நிமிஷ வேலைன்னு இன்னிக்கு நானும் ஒண்ணு போட்டுட்டேன்க்கா. மேல 'தற்காலிகம்'னு எழுதி வெச்சிருக்கேன்."

அம்மா அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டதால் சக்திவேலே காரில் மேலே வந்தார். வெண்ணிலாவும் கூட வந்தாள். காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. முகம் வெளுத்து, வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு கொட்டகைத் தூணைப் பிடித்து நின்றார். வெண்ணிலா பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"நகத்துல கீறி மோந்து பாருங்க சார். திரும்பிப் போறப்போ முன் சீட்டுல உக்காருங்க."

மேனேஜரிடம் பேசி முடித்து வெளியே வந்தபோது அவருக்கு உயிர் வந்திருந்தது. நான் உள்ளே சாக்கு உதறிக்கொண்டிருந்தேன். வாசலில் அவர்கள் பேசியது எல்லாம் காதில் விழுந்தது.

"சார், பதினஞ்சு நாள் குடுங்க. மழையை எடுத்துடறேன்."

"இத்தனை வருஷமா ஓடுதேம்மா."

"ஓடலை சார். நாமதான் பின்னாடி ஓடிட்டு இருக்கோம்."

அவர் சிரித்தார். பிறகு சொன்னார். அவர் சொன்னதையும் நியாயமாக எழுத வேண்டும். "நான் தெரியாம சொல்லல வெண்ணிலா. எனக்கும் அது உறுத்திட்டுத்தான் இருக்கு. ஆனா கிளியூர்க்காரங்ககிட்ட பொங்கலுக்குள்ள எல்லாத்தையும் செல்போன்ல பாக்கற மாதிரி செஞ்சு தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன். இந்த நேரத்துல போயி, உள்ள சுத்தம் பண்றோம், வெளிய ஒண்ணும் மாறாதுன்னு சொன்னா, அவன் என்ன கேப்பான்? அப்ப எதுக்குய்யா பண்றேன்னு கேப்பான். அவன் போயிட்டான்னா நம்ம ஆபீஸ்ல ரெண்டு பேருக்கு வேலை இல்ல. அந்த ரெண்டு பேருல நீயும் இருக்கலாம்."

வெண்ணிலா தன் செல்போனை எடுத்து அவரிடம் காட்டினாள். "இதுதான் சார் அந்த செல்போன் வேலை, செஞ்ச வரைக்கும். ஒவ்வொரு ஆளுக்கும் போட்டோ கேக்குது. மழைக்கும் கேட்டுச்சு. குடுக்கலைன்னா மேல போகாது."

"என்ன குடுத்தே?"

"மொட்டை மாடிக்குப் போயி ஆகாசத்தப் புடிச்சு போட்டேன்."

அவர் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ஐயாக்கண்ணுவும் எட்டிப் பார்த்து, "மொகச்சாடை வானத்து மாதிரியேதான் இருக்குதுங்க" என்றார்.

"இந்த மாசம் நான் செஞ்ச வேலையில பாதி, மழை ஆள் இல்லைன்னு ஒவ்வொரு எடத்துலயும் சொல்லி வெக்கறதுதான் சார்" என்றாள் வெண்ணிலா. "கிளியூர் வேலை தாமசம் ஆகறதே அதனாலதான். இதை எடுத்துட்டா அந்த வேலை வேகமாப் போகும். எடுக்காம செஞ்சா, அதுக்கு மேல இன்னொரு நூறு ஒட்டு வரும். அப்புறம் எடுக்கவே முடியாது."

"எடுக்கறப்போ கூட வேற எது சரிஞ்சு உழுகும்னு உனக்குத் தெரியுமா?"

"முழுசாத் தெரியாது."

"நடு சீசன்ல உழுந்தா?"

"அதான் சார், பேரு போடலாம்னு சொல்றேன். வேலை முடிச்சுக் குடுக்கற காயிதத்துல நம்ம கம்பெனி முத்திரை மட்டுந்தான் வெக்கறோம். உள்ளயும் யார் பேரும் இல்ல. பேரு இருந்திருந்தா ஒருத்தராச்சும் திரும்பி வந்து பாத்திருப்பாங்க. இதுக்கு என் பேரைப் போடறேன். உழுந்தா என்னைக் கூப்புடட்டும்."

சக்திவேல் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தார். "சரி, கிளியூருக்கு நானே பேசறேன். தை முடிய டைம் கேக்கறேன். ஆனா ஒரு ஈரநாள் முழுசா ஓடின பொறகுதான் அந்தக் காயிதத்துல நீ கையெழுத்துப் போடோணும். அதுவரைக்கும் அது முடிஞ்ச வேலை இல்ல. சரிதானே?"

"சரிங்க சார்."

அந்தப் பதினைந்து நாளும் அவள் கடைசி பஸ்ஸில்தான் வந்தாள். மழை எங்கெங்கே ஒட்டியிருக்கிறாள் என்று தேடியெடுப்பதே பெரிய பாடாக இருந்திருக்கிறது. பொரிப் பொட்டலத்தில், கம்பளியில், ஓய்வு வயதில் இருப்பதெல்லாம் தெரிந்ததுதான். லாரிக்கு மூட்டை ஏற்றும் பட்டியலிலும், யாரும் கேட்டிராத ஒரு புத்தாண்டு வாழ்த்திலும் இருந்தாளாம். எட்டு வருஷத்துப் பழைய ஈரநாட்களையும் புது இடத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு கிலோ மாறினாலும் மேனேஜர் பல்பர் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஒருநாள் அவள் மாற்றியதில் மொத்த வருஷமும் தப்பாக வந்து, மறுநாள் முழுக்க அதை அவிழ்த்திருக்கிறாள். அன்று அவள் முகத்தைப் பார்த்த அம்மா, "ஊட்டுக்கு வந்த பொறகாச்சும் அந்த மழையை எறக்கி வெய்யி கண்ணு" என்றாள்.

டிசம்பர் தொடக்கத்தில் எங்கள் கொட்டகையில் புதியதைப் போட்டுவிட்டார்கள். பார்க்க ஒன்றுமே மாறவில்லை. திரையில் 'ஈரம் கழிவு' என்று ஒரு சின்னக் கட்டம் கூடியிருந்தது, அவ்வளவுதான். ஐயாக்கண்ணு, "இதுக்கா பதினஞ்சு நாளு?" என்றார்.

போட்ட அன்றிலிருந்து மழை நின்றுவிட்டது. நல்ல வெயில். களத்தில் காபி காயப் போட்டவர்களுக்குச் சந்தோஷம், பறிக்கிற எங்களுக்கும் சந்தோஷம். வெண்ணிலா மட்டும் காலையில் எழுந்ததும் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பாள். வழுக்காத பாதையில், காய்ந்த கையோடு பழம் பறிப்பது எனக்கு எவ்வளவு சுகம் என்று அவளுக்கும் தெரியும். ஒருநாள் அவள் என்னிடம், "அக்கா, நான் மழையை வேண்டிக்கிட்டா நீ திட்டுவியா?" என்றாள்.

"ஒரே ஒரு நாளைக்குன்னு வேண்டிக்கோ. சாயங்காலம் நாலு மணிக்கு மேல" என்றேன்.

"ஈரப் பழந்தான் வேணும். மத்தியானமே வரோணும்."

"சரி, மத்தியானமே வரட்டும் போ."

தை முடிவதற்குள் ஒரு ஈரநாள் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் இருவரும் பேசவில்லை. கிளியூர்க்காரர்கள் அதற்குமேல் பொறுக்க மாட்டார்கள். சோதிக்காததை அவர்களுக்குக் கொடுக்க இவள் சம்மதிக்க மாட்டாள். அப்படியானால் பழையபடி மழையோடுதான் செல்போன் வேலையை முடிக்க வேண்டி வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பக்கத்துச் சில்வர் ஓக் மரமே தெரியாத அளவுக்குப் பனிமூட்டம் இறங்கியது. வெண்ணிலா பஸ் ஏறவில்லை. ஆபீஸுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, அப்பாவின் குடையை எடுத்துக்கொண்டு என்னோடு எஸ்டேட்டுக்கு வந்தாள். பதினோரு மணிக்குத் தூறல். சாப்பாட்டு நேரத்துக்குள் நல்ல மழை. பழனியம்மாள் நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டே, "உன் தங்கச்சிக்கு வேண்டுதல் பலிச்சுருச்சு. எனக்குச் சளி புடிச்சா அவதான் கஷாயம் வெச்சுத் தரோணும்" என்றாள்.

சாயங்காலம் வரிசையில் நின்றோம். ஐயாக்கண்ணு கம்பளியை விலக்கிக் கம்ப்யூட்டரைத் தட்டினார். ஈரநாள் என்று குறித்தார். அவர் விரல் பழக்கத்தில் ஆள் பட்டியலை மேலும் கீழும் தள்ளியது.

"மழையைக் காணோம்" என்றார். அதே குரல். 

"இல்லீங்க மாமா. இனி வர மாட்டாங்க. நீங்க எடையைப் போடுங்க" என்றாள் வெண்ணிலா. அவள் குடையை மடக்காமலே உள்ளே நின்றிருந்தாள். அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

பழனியம்மாள் சாக்கைத் தராசில் வைத்தாள். எடை ஏறியது. அடுத்து நான் வைத்தேன். ஏறியது. வரிசை நிற்காமல் போயிற்று. கடைசி மூட்டைக்குப் பிறகு ஐயாக்கண்ணு அந்தச் சின்னக் கட்டத்தில் ஈரம் கழிவைப் போட்டார். மொத்தத்தைப் பார்த்தார். பல்பர் கொட்டகைக்குப் போன் போட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு, கையில் வைத்திருந்த பேனாவைக் காதில் செருகிக்கொண்டார்.

"ஒத்து வருது கண்ணு. நொம்ப சுலபமா இருக்குது. வருகையும் போட வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." ஜன்னல் பக்கம் பார்த்தார். "ஆமா, அடுத்த வருஷம் குரங்குக்குப் பொரி?"

"அதை நான் வாங்கித் தர்றேங்க."

வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வெண்ணிலா பையிலிருந்து, நான்காக மடித்து பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்த அந்தக் காகிதத்தை எடுத்தாள். கம்பெனி முத்திரை முன்பே வைத்திருந்தார்கள். 'பெற்றுக்கொண்டவர்' என்ற இடத்தில் ஐயாக்கண்ணு கையெழுத்திட்டார். அதன் கீழே புதிதாக 'செய்தவர்' என்று ஒரு இடம் இருந்தது. அதை சக்திவேலே டைப் அடிக்கச் சொன்னாராம். ஐயாக்கண்ணுவின் பேனா ஈரத்தில் எழுதவில்லை. அதை நான் என் சேலைத் தலைப்பில் துடைத்து, உள்ளங்கையில் இரண்டு கோடு போட்டுப் பார்த்துவிட்டு அவளிடம் கொடுத்தேன்.

அவள் எத்தனையோ இடத்தில் பெயர் எழுதியிருப்பாள். பள்ளிக்கூடத்தில், கல்லூரியில், பேங்கில். தான் செய்த ஒன்றின் கீழே எழுதியது இதுதான் முதல் தடவை. கா. வெண்ணிலா என்று தமிழில், அவசரமில்லாமல் எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டாள்: 19 டிசம்பர் 2023.